இன்னும் ஒரு கோளாறு

மனைவி குளியலறைக் கதவைத் தாழிட்ட சத்தம் கேட்டதும் அவர் பூனைபோல் ஷெட்டுக்குள் நுழைந்தார். மோட்டார் சைக்கிளின் நல்ல பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செத்துப்போன பழைய பிளக் ஒன்றை அந்த இடத்தில் முடுக்கினார்.

"கடவுளே, இன்னிக்கு ஒரு நாள் மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடி கையைத் துடைத்தார். நேற்றும் இதே மன்னிப்பைத்தான் கேட்டிருந்தார். நேற்று பெட்ரோல் குழாயில் பஞ்சு அடைத்திருந்தார்.

வண்டி மைத்துனனுடையது. காயலான் கடையில் எலும்பும் தோலுமாகக் கிடந்ததை வாங்கி, "என் வீட்டுல இடமில்ல மாமா" என்று இங்கே கொண்டுவந்து போட்டான். அன்று மனைவி கண்கலங்கிச் சொன்னாள்: "வேலை பார்த்த கம்பெனியை மூடினதிலேர்ந்து தம்பி சுவரைப் பார்த்துப் படுத்தவன்தாங்க. நீங்கதான் கூட இருந்து தேத்தணும்."

குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டியவருக்கு இன்ஜின் புதிதல்ல. ஓய்வு பெற்ற நாளிலிருந்து சாய்வு நாற்காலியே கதி என்று கிடந்தவர், மைத்துனனுக்காக எழுந்தார்.

இருவரும் துருவைச் சுரண்டினார்கள். மட்கார்டை வெட்டிக் குட்டையாக்கினார்கள், அகலமான ஹேண்டில்பார் மாட்டினார்கள், டாங்குக்குப் பாட்டில் பச்சை அடித்தார்கள். நாளாக ஆக மைத்துனன் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினான்.

"வண்டி வந்தப்புறம்தாங்க வீட்டுல சிரிப்புச் சத்தமே கேட்குது" என்றாள் மனைவி. தம்பியைச் சொல்கிறாள் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கேதான் சிக்கல். வேலை முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. வண்டி கிளம்பிவிட்டால் அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வானே! மனசு நன்றாகத் தேறும்வரை வண்டி ஓடக் கூடாது என்று முடிவு கட்டினார். அதில் பாவம் இருந்தால் அது தன்னோடு போகட்டும்.

மைத்துனன் வந்தான். கண்கள் சிவந்திருந்தன, வந்த கொட்டாவியைக் கையால் மறைத்தான். பாவம், கவலையில் பொட்டுத் தூக்கம் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன மாப்ளே, ராத்திரி தூங்கலையா?"

"எங்க மாமா தூக்கம்! அதை விடுங்க, நம்ம மகாராணி இன்னிக்கு என்ன சொல்றாங்க?"

"நீயே உதைச்சுக் கேளு."

உதைத்தான். மகாராணி மூச்சே விடவில்லை.

"பேச மாட்டாளாம் மாமா."

"அப்படியே உங்க அக்கா! மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா லேசுல இறங்காது."

"மெதுவா மாமா, காதுல விழுந்துடப் போகுது."

"விழுந்தாச்சு!" என்றது சமையலறை.

பகல்வரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, கடைசியில் பிளக்கில் வந்து நின்றார்கள். அதை மாற்றியும் வண்டி கிளம்பவில்லை. சில நாள் அவர் வைக்காத கோளாறும் இப்படிச் சேர்ந்துகொள்ளும். பழைய வண்டியல்லவா, தன் பங்குக்கு அதுவும் ஏதாவது செய்கிறது என்று விட்டுவிடுவார்.

"விடுங்க மாமா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மைத்துனன் உற்சாகமாகவே கிளம்பிப் போனான்.

போகிறவன் விசிலடித்துக்கொண்டே போனதைக் கேட்டதும் அவர் மனசு நெகிழ்ந்தது. அவன் தேறிவிட்டான். தேறியவனை இன்னும் ஏமாற்றினால் அது அன்பில் சேராது. கடவுளுக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். நாளை வண்டி ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மறுநாள் எதிலும் கை வைக்கவில்லை. குழாயையும் பிளக்கையும் சரிபார்த்துவிட்டு, மனைவியையும் கூப்பிட்டு ஷெட் வாசலில் நிறுத்தினார்.

"பாருங்க, இன்னிக்கு ஊரே திரும்பிப் பார்க்கப் போகுது!"

மைத்துனன் உதைத்தான். சத்தமில்லை. அவனை நகரச் சொல்லிவிட்டுத் தானே உதைத்தார். வியர்த்து வழிந்ததே தவிர வண்டி அசைந்து கொடுக்கவில்லை.

"விடுங்க மாமா, நாளைக்கு..."

"நாளைக்கு என்ன நாளைக்கு! இன்னிக்கு இது ஓடியே ஆகணும்." பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். தீப்பொறிக்குக் காரணமான இரண்டு பாயின்டுக்கும் நடுவே, அளவாக நறுக்கிச் செருகிய அட்டைத் துண்டு ஒன்று இருந்தது.

அது அவர் வைத்ததல்ல. நிமிர்ந்து பார்த்தார். மைத்துனன் கூரையில் ஏதோ ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"ஏன் மாப்ளே, இது தானா நடந்து வந்து உள்ளே உட்கார்ந்துச்சா?"

"அது வந்து மாமா..." அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, நீயே சொல்லிடேன்."

"அவ என்னத்தைச் சொல்றது? நீ தேறணுமேன்னு நான் சாமிகிட்ட தினமும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு வண்டியைக் கெடுத்துட்டிருந்தேன். நீ எதுக்குடா கெடுத்தே?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அவன் எப்பவோ தேறிட்டான்ங்க, புது வேலையில ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு, உங்களைத் தேத்தத்தான் தூங்காம வந்துட்டிருக்கான்."