இரண்டாவது துடுப்பு

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கட்டிய பிறகும் கயாக் முன்னால் என் தலைக்கு மேலே நாலடி, பின்னால் நாலடி நீட்டிக்கொண்டு நின்றது. தார்ப்பாய் நடு வயிற்றைத்தான் மூடியது.

"சீக்கிரம் ஏறு நர்மதா. இது அம்மா வர்ற ரோடு."

என் மனைவி அவசரமே இல்லாமல் ஏறினாள். தலைமுடியிலிருந்து கடல் தண்ணீர் சொட்டியது. கல்யாணத்தன்று கூட அவள் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

கோவளத்தில் ஒரு கிளப்பில் கழித்துப் போட்ட, ரெண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு அது. அவள் ஆசைப்பட்டாள் என்று நான்தான் கொண்டுவந்தேன். ரெண்டு மாதமாக எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில், வண்டி ஷெட்டில், பழைய வலைகளுக்கு அடியில் கிடந்தது.

காரணம் என் அம்மா கன்னியம்மா.

படகில் பெண் கால் படக் கூடாது என்பது அவள் கட்சி. போன மாதம் பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருத்தி வீடியோ எடுக்க ஃபைபர் படகில் ஏறினாள். கரையில் நின்று அம்மா போட்ட சத்தத்தில் படகு பாதியிலேயே திரும்பிவிட்டது. அதை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவ வைத்துவிட்டுத்தான் அம்மா வீட்டுக்கு வந்தாள்.

இந்தக் கயாக் அவள் கண்ணில் பட்டால் அன்றைக்கே அதன் மேல் அரிவாள் விழும். நர்மதா மறுபடியும் கரையில் உட்கார்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்ட வேண்டியதுதான். எனக்கு அது பொறுக்காது.

அதனால்தான் அம்மா எண்ணூர்ச் சித்தி வீட்டுக்குப் போகிற நாளாகப் பார்த்து நர்மதாவிடம் கயாக்கைக் கடலில் இறக்கச் சொன்னேன். தெற்கத்திக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. காற்றை எதிர்த்துத் திரும்ப முடியவில்லை. இவ்வளவு நீளக் கடற்கரையில் வேறு இடமே கிடைக்காமல் எண்ணூரிலேயே போய்க் கரை ஏறியிருக்கிறாள், மகராசி. அங்கிருந்து எனக்குப் போன்.

கயாக்கில் முன் சீட்டில் யார் வந்தது என்று வண்டியைக் கிளப்பும்போது கேட்டேன்.

"ஒருத்தவங்க. வழி பூரா ஒரே திட்டு. ஆனா கை மட்டும் நிக்கல. பஸ் புடிச்சிப் பூட்டாங்க."

எதிர் வீட்டு நர்ஸ் ஷிஜியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊசி போடும்போதே திட்டுகிற ஆள்.

நர்மதா தன் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் நிறத்தில் ஆறடிக்கு மேல் நீளம். கயாக்கோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்றதற்குத் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. படகை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், வலையை யார் வேண்டுமானாலும் சுமக்கலாம். துடுப்பு மட்டும் போட்டவர் கையாலேயே வீட்டுக்கு வர வேண்டும். இன்னொருவரிடம் கொடுத்தால் கடல் கோபித்துக்கொள்ளும் என்பாள் அம்மா. செத்துப்போன என் அப்பா தண்டபாணி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்த நாளில் கூட, துடுப்பை என்னிடம் தரவில்லை.

அம்மாவின் பெரிய சட்டத்தை மீறிவிட்டுச் சின்னச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு வருகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கன்டெய்னர் லாரி வரிசையின் வாலில் வண்டி மாட்டிக்கொண்டது. வலப்பக்கம் ஒரு பஸ் வந்து ஒட்டி நின்றது.

பெண்கள் வரிசையில் ஜன்னலோரம் அம்மா.

தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலில் என் முகத்தை மூடினேன். பிறகு அதே துண்டைக் கயாக் மேல் விரித்தேன். பதிமூன்று அடி ஆரஞ்சு நிறத்தை ஒரு துண்டால் மறைக்கப் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அம்மா கயாக்கைப் பார்த்தாள். நர்மதாவைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

பிறகு முந்தானையைத் தலை மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

காயப்போட்ட கருவாட்டில் ஒன்று குறைந்தாலும் யார் எடுத்தது என்று சொல்கிறவள் அவள். கண்ணில் பூ விழுந்திருக்க வேண்டும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தேன். கூடவே எங்கள் எல்லையம்மனுக்கு ஒரு நன்றியும் சொன்னேன்.

லாரிகள் கொஞ்சம் நகர்ந்தன. பஸ் எங்களை உரசிக்கொண்டு முன்னே போனது. அம்மாவின் ஜன்னல் என்னைத் தாண்டியது.

அதற்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் துடுப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இன்னும் ஈரம் காயவில்லை.

முன் சீட்டிலிருந்து பின்னால் நீண்ட ஒரு கை, அதை விடாமல் பிடித்திருந்தது. அந்தக் கையில் தண்டபாணி என்று பச்சை குத்தியிருந்தது.

நான் மெதுவாக நர்மதா பக்கம் திரும்பினேன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வூட்டாண்ட போய் எதுவும் கேட்டுக்காத. உனக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகீது அத்த."

கயாக் மேல் கிடந்த துண்டை எடுத்து மறுபடியும் என் முகத்தை மூடிக்கொண்டேன்.