துரைக்குச் சேவகம்

"அந்த வண்டிய எனக்குக் குடுங்க பெரியப்பா."

வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பெரியப்பா பழந்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விரல்களில் ஒரு சொட்டு கிரீஸ்கூட இல்லை.

பெரியப்பாவின் மெக்கானிக் பட்டறை நடுவில் நின்றது துரை. அறுபது வயது தாண்டிய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். பெயர் அப்பா வைத்தது. உதைத்தால் திருப்பி உதைக்கும். மழை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். துரைக்கு இன்னைக்கு மனசு சரியில்ல என்று சொல்லிவிட்டு அப்பா பெயிண்ட் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நடந்தே வேலைக்குப் போவார். ஆனாலும் இருபத்தாறு வருடம் வேறு வண்டியைத் தொட்டதில்லை.

இப்போது ஒரு பல் டாக்டர் வாரம் தவறாமல் வருகிறார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார். அவருக்குத்தான் என்று பெரியப்பா வாக்குக் கொடுத்தாயிற்று.

அப்பா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஏறி உழைத்தவன் செத்தான், கண்ணை மூடி ரசிப்பவனுக்கு வண்டியா என்று அவள் பெரியப்பாவைக் கேட்டாள். படித்த திமிர் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பயந்து பேச அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உனக்கு ஓட்ட வராதும்மா, வேண்டாம் என்றார் பெரியப்பா.

அவள் ஏறி உட்கார்ந்தாள். நான்கு வருடமாக ஸ்கூட்டர் இல்லை, பைக்தான் ஓட்டுகிறாள். கிளட்சைப் பிடித்து, இடது காலால் கியரை அழுத்தினாள்.

கியர் விழவில்லை. மெத்தென்று அமுங்கி, காலை எடுத்ததும் எழுந்தது.

மறுபடியும் மிதித்தாள்.

"அது பிரேக்கும்மா," என்றார் பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிக்கெல்லாம் கியரு வலது பக்கம்."

சின்ன வயதிலிருந்து பின்னால் உட்கார்ந்து போனவளுக்கு அப்பாவின் தோள் தெரியும், சட்டையின் டர்பன்டைன் வாசனை தெரியும். கால் தெரியாது.

குனிந்து பார்த்தாள். இடது மிதியில் இரும்பு தேய்ந்து வழவழத்திருந்தது.

துரைக்குச் சேவகம் பண்ணது போதும்ப்பா என்று சிரித்தவள் அவள்தான். முதல் சம்பளத்தில் தவணை கட்டி, அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் புது வண்டியில் ஏற்றியவளும் அவள்தான்.

பதினோராவது நாள், முன்னால் போன லாரி சட்டென்று நின்றது.

ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார்கள். பிரேக் சரியில்லை என்று ஷோரூமில் போய் அவள் போட்ட சத்தத்தில், அந்த வண்டியைத் தயார் பண்ணிக் கொடுத்த மெக்கானிக்கை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

நொறுங்கிக் கிடந்த புது வண்டியில் இடது பக்கக் கியர் மிதி, ஓங்கி மிதித்ததில் கீழ்நோக்கி வளைந்திருந்ததைப் பெரியப்பா அன்றைக்கே பார்த்துவிட்டாராம். அம்மாவிடம் மட்டும் சொன்னாராம். அவளிடம் இப்போதுதான் சொன்னார்.

அவள் இறங்கி, வண்டியை ஸ்டாண்டில் போட்டாள்.

எடுத்துக்கோம்மா, டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன் என்றார் பெரியப்பா.

அவள் வேறொன்று கேட்டாள். வேலை போன அந்த மெக்கானிக்கின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?

அவர் சொல்லி முடிப்பதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.