எழுதினால் போய்விடும்

"மனசுல கிடக்கறத தினமும் காலையில எழுதிக் கொட்டிட்டா அது அப்படியே போயிடும். அப்பதான் புதுசா கற்பனை ஊறும்," என்று எழுதுபலகையை வாங்கி வந்த அன்று தயாளன் சொன்னான்.

"அப்ப எங்கம்மா மேல இருக்கற கோவத்த முதல்ல கொட்டுங்க," என்று சிரித்தாள் பூங்கோதை.

கொட்டினான். அடுத்த வாரம் முறுக்கு டப்பாவோடு வாசலில் நின்ற மாமியாரிடம், "யாரும்மா வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டான்.

கோபத்தோடு சேர்ந்து அம்மாவே அவன் நினைவிலிருந்து போய்விட்டதைப் பூங்கோதை கண்டுகொண்டாள். ஆனால் அவன் கதைகள் செழித்து வளர்ந்ததால், எழுதுவதை அவள் தடுக்கவில்லை.

நேற்று இருவருக்கும் பெரிய சண்டை. இன்று முகம் கொடுக்காமல் பலகை முன் உட்கார்ந்தவன், அவள் பெயரின் முதல் எழுத்தை எழுதினான். பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"எவ்வளவு வேணா திட்டுங்க, பேசாமக்கூட இருங்க. என்னை மட்டும் எழுதிடாதீங்க!"