மூடி திறக்கும் சத்தம்

டிப்பர் லாரியின் அடிப்பெட்டிக்குள் பேட்டரி இருட்டில் கிடந்தது. வண்டி கிளம்பாத காலைகளில் டிரைவர் சவரிமுத்து திட்டிக்கொண்டே மூடியைக் கழற்றுவார். அடுத்த வண்டியிலிருந்து கேபிள் மாட்டுவதற்கு முன், பேட்டரியின் முனைகளில் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் விட்டுத் துடைப்பார். தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றுவார்.

மூடியைக் கழற்றுவது பெரிய வேலையாக இருக்கிறதென்று, ஒருநாள் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, பம்பரிலேயே சிவப்பும் கறுப்புமாக இரண்டு டெர்மினல்களைப் பொருத்தினார்கள். இனி கேபிளை வெளியிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

"தம்பி, அவர் வந்தாரா?" என்று பேட்டரி கேட்கும்.

"வந்தாருண்ணே. என்கிட்ட கேபிளை மாட்டி வண்டியக் கிளப்பிட்டாரு" என்று சிவப்பு டெர்மினல் சொல்லும்.

"என்னைப் பத்தி ஏதும் கேட்டாரா?"

"வண்டிதான் கிளம்பிருச்சே. எதுக்குக் கேக்கப்போறாரு?"

பேட்டரிக்குள் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் கேபிள் மாட்டியும் வண்டி கிளம்பவில்லை. அன்று மூடியின் போல்ட் கழலும் சத்தம் கேட்டது.

"திட்டுறாரு பாத்தியா தம்பி. தண்ணி ஊத்தத்தான் வந்திருக்காரு."

சவரிமுத்துவின் காலடியில், அட்டைப்பெட்டியில் ஒரு புது பேட்டரி இருந்தது. வெளியே இருந்த டெர்மினலுக்கு அது தெரிந்தது.

"ஆமாண்ணே" என்றது.