டேப் ஒட்டின மூடி

"தொடக் கூடாது. தூரத்துலேர்ந்து பார்க்கலாம். கிட்டப் போய் மோந்து பார்க்கறது, தட்டிப் பார்க்கறது, அதெல்லாம் கூடாது."

காலைல ஏழரைக்கே சூபர்வைசர் ஆரம்பிச்சுட்டார். தொழிற்சாலையில அவர் பேக்கிங் செக்‌ஷனுக்கு சூபர்வைசர். வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான்.

சமையல் மேடை மேல கரண்ட்ல ஓடற புது ஸ்லோ குக்கர். உள்ளே ரெண்டு கிலோ பன்றி விலா எலும்பு, மசாலா பூசிக்கிட்டுப் படுத்திருந்துச்சு. எட்டு மணி நேரம் மெதுவா வெந்தா கறி தானா எலும்பை விட்டுக் கழண்டு வரும். அப்புறம் சர்க்கரையும் வினிகரும் சேர்த்துக் காய்ச்சின பாகை மேல பூசி, பத்து நிமிஷம் ஓவன்ல வச்சா கண்ணாடி மாதிரி பளபளக்கும். வீடியோவில அப்படித்தான் சொன்னாங்க. அதை அவர் விடியறதுக்குள்ள பதினோரு தடவை பார்த்ததுல, பாவம், போன் மூச்சு விடத் திணறிக்கிட்டிருந்துச்சு.

"நடுவுல மூடியத் திறந்தா அரை மணி நேரச் சூடு போச்சு. புரியுதா மாப்ளே?"

மாப்ளேங்கறது மனைவியோட தம்பி. பதினாலு வருஷம் ஹோட்டல் அடுப்படியில நின்னவன். ஹோட்டலை மூடினதும் ரெண்டு மாசமா அக்கா வீட்டுப் பின்னறையில இருக்கான். சூட்டைப் பத்தி இன்னிக்குத்தான் கேள்விப்படற மாதிரி, "புரியுது மாமா"ன்னு தலையாட்டினான்.

சூபர்வைசருக்கு அது போதல. தொழிற்சாலையிலேர்ந்து கொண்டுவந்த பழுப்பு டேப்பை எடுத்து மூடியைச் சுத்தி ஒட்டி, மேல கையெழுத்தும் போட்டார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவரோட மேனேஜர் குடும்பத்தோட சாப்பிட வர்றார். தொழிற்சாலை கேன்டீனுக்கு ஒரு நல்ல சமையல்காரர் தேடிக்கிட்டிருக்காங்க. மேனேஜர் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவற நேரமாப் பார்த்து உன்னைப் பத்தி ஒரு வார்த்தை போடறேன்னு சூபர்வைசர் மச்சினனுக்கு வாக்குக் குடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் முந்தின நாளே சட்டையத் தேய்ச்சு மாட்டி வச்சிருந்தான்.

வேலைக்குப் போனதும் சூபர்வைசர் பையைத் துழாவினார். போன் சார்ஜரைக் காணோம். பக்கத்து மேஜைக்காரனை அரை மணி நேரம் முறைச்சுப் பார்த்துட்டு, அப்புறம் அவன்கிட்டயே சார்ஜர் கேட்டு வாங்கினார். அந்தத் தெம்புல வீட்டுக்கு மூணு தடவை போன்.

"தொட்டியா?"

"இல்ல மாமா."

"கிட்டப் போனியா?"

"நான் அடுப்படிக்கே போகல மாமா."

அவர் சுபாவம் அப்படி. தப்பே பண்ண மாட்டார். பண்ணினதை யாராவது கண்டுபிடிச்சுட்டா, பேச மாட்டார். போன மாசம் கேட் தூண்ல காரை இடிச்சதை மனைவி பார்த்துட்டா. பார்த்த குத்தத்துக்குப் பத்தொன்பது நாள் அவகிட்ட ஒரு வார்த்தை கிடையாது. உப்பு வேணும்னாக்கூட மச்சினன் வழியாத்தான் சேதி போகும். அந்தப் பத்தொன்பது நாளும் அக்கா பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுததை மச்சினன் பின்னறையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருந்தான்.

அஞ்சு மணிக்கு அவங்கவங்க வேலை முடிஞ்சு புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணா வீட்டுக்குள்ள நுழைஞ்சாங்க. சூபர்வைசர் நேரா குக்கர்கிட்டப் போனார். கண்ணாடி மூடியில ஒரு சொட்டு ஆவி இல்ல. டேப்பைக் கிழிச்சார். காலைல எப்படிப் படுத்திருந்துச்சோ அப்படியே படுத்திருந்துச்சு கறி. கூடவே ஒரு வாடை. ஒம்போது மணி நேரம் பச்சையாக் கிடந்த கறியை நாய்க்குக்கூடப் போட முடியாது.

"என்னடா பண்ணினே?"

மச்சினன் மேடைக்குப் பின்னாடி எட்டிக் குனிஞ்சு பிளக்கைப் பார்த்தான். ஒரு நிமிஷம் நிமிரவே இல்ல. அப்புறம் நிமிர்ந்து, பேன்ட் பாக்கெட்டுல கையை விட்டுக்கிட்டான்.

"நான்தான் மாமா. மிக்ஸி போடறதுக்காக ஒயரைப் புடுங்கினேன். திருப்பிச் சொருக மறந்துட்டேன்."

"அடுப்படிக்கே போகலன்னியே."

"பொய் சொன்னேன்."

அக்கா மிக்ஸியைப் பார்த்தா. அது உறை கழட்டாம இருந்துச்சு. தம்பியைப் பார்த்தா. அவன் தரையைப் பார்த்துக்கிட்டிருந்தான்.

சூபர்வைசர் பேசின பேச்சு பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் போச்சு. பிளக் சொருகத் தெரியாதவனெல்லாம் பதினாலு வருஷம் என்னத்தச் சமைச்சிருப்பான், நல்லவேளை மேனேஜர்கிட்ட வாயத் திறக்கல, திறந்திருந்தா மானம் போயிருக்கும்னு ஒரு சுத்து சுத்தி வந்தார். கடைசியாச் சொன்னதுதான் முக்கியம்.

"அவர் வர்றப்ப நீ இந்த வீட்ல இருக்கக் கூடாது. இனிமேயும் வேண்டாம்."

மச்சினன் பத்தே நிமிஷத்துல கிளம்பிட்டான். தேய்ச்ச சட்டையை நாலா மடிச்சுப் பைக்குள்ள வச்சான். போயிட்டு வர்றேன்னு அக்கா கையைப் பிடிச்சான்.

அவன் நிஜமாவே போறானான்னு பார்க்க சூபர்வைசர் கேட் வரைக்கும் பின்னாலயே வந்தார். அங்கே மச்சினன் பாக்கெட்டுலேர்ந்து எதையோ எடுத்து அவர் கையில வச்சான். ஒயர் சுத்தின போன் சார்ஜர்.

"குக்கர் பிளக் இருக்க வேண்டிய இடத்துல இது இருந்துச்சு மாமா. அக்கா பார்க்கல."

சூபர்வைசருக்கு அப்பத்தான் காலைல நடந்தது ஞாபகம் வந்துச்சு. செத்துக்கிட்டிருந்த போன். ஷூ மாட்டற அவசரம். கைக்குக் கிடைச்ச பிளக்கைப் புடுங்கிட்டுச் சார்ஜரைச் சொருகினது.

"அவகிட்டப் பேசிக்கிட்டிருங்க மாமா. அது போதும்."

அவன் தெருமுனை திரும்பற வரைக்கும் நின்னுட்டு, சூபர்வைசர் சார்ஜரைச் சட்டைப் பாக்கெட்டுக்குள்ள தள்ளி, மேல கர்ச்சீப்பை வச்சார். உள்ளே வந்தார்.

வாசல்லயே மனைவி நின்னுக்கிட்டிருந்தா. "போறப்ப என்னங்க சொன்னான்?"

மகராசன், உடனே பேசினார்.

"என்ன சொல்லுவான்? காலைப் பிடிக்காத குறையா மன்னிப்புக் கேட்டான். நான்தான் பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்."