அடுப்பை அணைத்தாளா?

"உங்க வீட்டுக்காரர் தினமும் காலையில இஸ்திரி போட்ட சட்டையோட அந்த டைப்பிங் கடைக்குப் போறாரே, கவனிச்சீங்களா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

"கவனிக்காம என்ன? இஸ்திரி போடுறதே நான்தானே" என்றாள் எழுத்தாளரின் மனைவி. தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அங்க டைப் அடிக்கிறது ஒரு பொம்பள."

"ஆமா. நல்லா அடிக்கிறாளாம்."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எதிர்வீட்டுக்காரி எழுந்து போய்விட்டாள்.

எழுத்தாளர் என்று தெருவில்தான் பெயர். மின்சார அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற மறுநாள் நாவல் எழுத உட்கார்ந்தவர். பத்து அத்தியாயம் ஓடியது. பதினோராம் அத்தியாயத்தில் கதாநாயகி புருஷனோடு சண்டை போட்டுவிட்டுப் பெட்டியோடு ரயில் ஏறினாள்.

ரயில் அங்கேயே நின்றுவிட்டது. நான்கு மாதம்.

பேனாவை மாற்றினார். மேஜையை இரண்டு தடவை திருப்பிப் போட்டார். தையல் மிஷின் சத்தம்தான் காரணம் என்று கத்தினார். மனைவி மிஷினைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ரயில் நகரவில்லை.

அதுவரை எழுதியதை டைப் அடிக்கக் கொடுத்திருந்தார். அதை வாங்கிக்கொள்ளக் கடைக்குப் போனபோதுதான் அது நடந்தது.

"சார், அந்தம்மா கோவிச்சுக்கிட்டு ரயில் ஏறிட்டாங்க, சரி. அடுப்புல பால் வச்சிருந்தாங்களே, அணைச்சாங்களா?" என்றாள் டைப்பிஸ்ட்.

எழுத்தாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பாலை அடுப்பில் வைத்தவர் அவர்தான். மறந்தவரும் அவர்தான்.

அன்று மத்தியானம் கதாநாயகிக்கு ரயிலில் பால் ஞாபகம் வந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கினாள். ஒரே மூச்சில் ஆறு பக்கம்.

மறுநாள் அந்த ஆறு பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். டைப்பிஸ்ட் தாள்களைப் புரட்டினாள்.

"சார், எட்டாம் அத்தியாயத்துல இவங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க. இப்ப ஒண்ணுதான் இருக்கு. சின்னவன் எங்க சார்?"

சின்னவனைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு அத்தியாயம் ஆயிற்று. நாவலிலேயே உருப்படியான அத்தியாயங்கள் அவைதான்.

அதன் பிறகு தினம் ஒரு கேள்வி. தினம் ஐந்தாறு பக்கம்.

"ரசனைன்னா அது ரசனை!" என்றார், சாப்பிடும்போது. "பக்கத்துக்கு இவ்வளவுன்னு டைப் அடிக்கிறவ. ஒரு வரி விடாம படிக்கிறா. நீயும் இருக்கியே, இருபத்தெட்டு வருஷமா. ஒரு நாளாவது ஏதாவது கேட்டிருக்கியா?"

"கேட்டேங்க. மூணாம் அத்தியாயத்துல."

"அதுக்குப் பேர் கேள்வியா? குத்தம் கண்டுபிடிச்சே. அன்னிக்கு முழுக்க எனக்கு எழுத்தே ஓடல."

"சரி விடுங்க. விக்கல் எடுக்குது பாருங்க, தண்ணியைக் குடிங்க."

ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் சரியாக முப்பத்தொரு நாள். இருபத்திரண்டாம் அத்தியாயத்தோடு நாவல் முடிந்தது.

கடைசி அத்தியாயத்தோடு தனியாக ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"இதை முதல் பக்கத்துல போடணும்மா. சமர்ப்பணம்."

டைப்பிஸ்ட் வாங்கிப் பார்த்தாள். 'என் வீட்டில் எனக்குக் கிடைக்காத வாசகிக்கு, இந்த நாவலை வரி விடாமல் படித்த தட்டச்சாளருக்கு' என்று எழுதியிருந்தது.

தாளைத் திருப்பி மேஜையில் வைத்தாள்.

"இதை நான் அடிக்க மாட்டேன் சார்."

"ஏம்மா, கூச்சமா?"

"இல்ல சார். நான் படிக்கலையே."

"எதை?"

"உங்க நாவலைத்தான். கண்ணு எழுத்தைப் பார்க்கும், விரல் அடிச்சுக்கிட்டே போகும். அர்த்தம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா ஒரு நாளைக்கு நாப்பது பக்கம் அடிக்க முடியுமா? உங்க கதாநாயகி பேரைக் கேட்டாக்கூட எனக்குச் சொல்லத் தெரியாது."

எழுத்தாளர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்போ நீ கேட்ட கேள்வியெல்லாம்?"

"உங்க வீட்டம்மா கேட்டது சார். நீங்க குளிக்கப் போனதும் எழுதி வச்சதை எடுத்துப் படிச்சிடுவாங்களாம். நீங்க வீட்டை விட்டுக் கிளம்பினதும் எனக்குப் போன் வரும், இன்னிக்கு இதைக் கேளுன்னு. நான் ஒரு சீட்டுல குறிச்சு வச்சுக்குவேன்."

அவர் சமர்ப்பணத் தாளைப் பார்த்தார். அதுவும் ராத்திரியிலிருந்து வீட்டு மேஜை மேல்தான் கிடந்தது.

"இன்னிக்கும் போன் வந்துதா?"

"வந்தது சார். இன்னிக்குக் கேள்வி எதுவும் இல்ல. 'சமர்ப்பணத்தைப் படிச்சேன், அப்படியே அடிச்சுக் கொடுத்துடு. நான்தான் கேட்டேன்னு தெரிஞ்சா, மனுஷன் அடுத்த நாவலை எழுத மாட்டார்'னு சொன்னாங்க."