ரயிலில் வராத தாய்மாமன்

தேசிங்கு மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தபோது கடற்கரையைச் சுற்றி வேலி போட்டு, ரயில் நிலையத்திலிருந்து ஒரு நடைபாலத்தைத் திறந்துவிட்டார்கள். ரயிலில் வந்தவர்களுக்கு மட்டுமே அதன் கதவு திறக்கும். படகில் வந்து இறங்கிய தேசிங்கு உள்ளேயே மாட்டிக்கொண்டான். கதவுக்கு வெளியே, பாலத்தின் மேல், அவன் தங்கை கோகிலா, கைக்குழந்தையோடும் காது குத்தும் பத்தரோடும் நின்றாள்.

“நீங்கள் உள்ளே வந்த பதிவு இல்லை. அடுத்த முறை ரயிலில் வரவும்,” என்றது கதவு.

“கடலுக்குள்ள எங்கடா ஸ்டேஷன் கட்டி வெச்சிருக்கீங்க?” கோகிலா கத்தினாள். “தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் காது குத்துறது?”

“வேலிய எகிறிக் குதிச்சிடவா?” என்றான் தேசிங்கு.

“வேணாண்ணா. கேமரால பாத்துட்டு படகைப் புடுங்கிடுவானுங்க.”

ரயில் வந்தது. முதலில் ஒருவர் நாயோடு வந்தார். நாய்க்கும் டிக்கெட் இருந்தது. கதவு திறந்தது.

கோகிலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவு மூட முடியாதபடி வாசலிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணா, அந்தாண்டயே உக்காரு. புள்ளைய மடியில வாங்கு. பத்தரே, குத்துங்க!”

குழந்தை வீறிட்டது. பின்னால் பயணிகள் குவிந்தார்கள்.

“மேடம், எவ்ளோ நேரம்? வழிய விடுங்க!”

“இன்னொரு காது இருக்குது. நில்லுய்யா!”